லண்டனிலிருந்து ஒரே நாளில் போய்க் கடலில் குளித்துவர எந்தக் கரை நல்லது?

வெம்பிளிவாசி:
வணக்கம். காலையில் ரயில் ஏறி இரவுக்குள் வீடு திரும்ப வேண்டும், கார் கிடையாது. பிள்ளைகளுக்கு வயது 6, 11. பெரியவன் நீச்சல் குளத்தில் 25 மீட்டர் போவான், சின்னவளுக்கு நீச்சல் தெரியாது. கால் நனைத்துவிட்டு மீனும் சிப்ஸும் தின்று திரும்புகிற கரையைக் கேட்கவில்லை, கழுத்தளவு இறங்கிக் குளிக்க வேண்டும். கூட்டம் சேருவதற்கு முன் ஜூனிலேயே போய்விடலாமா? கேம்பர் சாண்ட்ஸ் நல்ல மணல் என்கிறார்களே, சரிதானா?

தென்கரை:
ஜூன் வேண்டாம். வெயிலைப் பார்த்து ஏமாறுகிற மாதம் அது. தரை சூடாகும் வேகத்தில் கடல் சூடாகாது, ஏறக்குறைய இரண்டு மாதம் பின்தங்கியே வரும். தென்கரையில் மே மாதம் 11-12 டிகிரி, ஜூனில் 14-15, ஜூலையில் 16-17, ஆகஸ்டில் 17-18. செப்டம்பர் நடுவிலும் 17 பக்கம் நிற்கும். பள்ளி திறந்த பிறகு வருகிற முதல் இரண்டு சனிக்கிழமைகள்தான் என் கணக்கில் மிகச் சிறந்த நாள்கள்: தண்ணீரில் சூடு இருக்கும், ரயிலில் உட்கார இடமும் இருக்கும்.

இடம் என்றால் முதலில் போர்ன்மத். வாட்டர்லூவிலிருந்து நேர் ரயில், சுமார் இரண்டு மணி நேரம். நைசான மணல், அடித்தரை மெல்லத்தான் சரியும். முக்கியமான காரணம் வேறு. போர்ன்மத், பூல் பக்கம் ஓதத்தின் (கடல்மட்டம் தினமும் ஏறி வற்றுவது) ஏற்ற இறக்கம் 2 மீட்டருக்குள்தான். அதோடு நீர் ஏறி, சற்றே வற்றி, மறுபடி ஏறும் இரட்டை உச்சம் அங்கே உண்டு. அதனால் பல மணி நேரம் கடல் நிறைந்தே நிற்கும். காலை 11-க்குப் போனாலும் மாலை 3-க்குப் போனாலும் கடலைத் தேடி நடக்க வேண்டியதில்லை.

பிரைட்டன் லண்டனுக்குப் பக்கம்தான், ரயிலும் நிறைய. ஆனால் முழுக்கக் கூழாங்கல், கரை சட்டென்று ஆழமாகும், அலை கரையிலேயே மடிந்து விழும். நீந்தத் தெரிந்த பெரியவர்களுக்குச் சரி, 6 வயதுக் குழந்தைக்கு வேண்டாம்.

ஓதக்கணக்கு:
கேம்பர் பற்றிக் கேட்டீர்கள். மணல் அருமைதான், ஆபத்தும் அந்த மணலில்தான் இருக்கிறது. 2016 ஆகஸ்ட் 24 அன்று லண்டனிலிருந்து போன ஐந்து தமிழ் இளைஞர்கள் அங்கே மூழ்கி இறந்தார்கள். அன்று அந்தக் கரையில் உயிர்காப்பாளர் இல்லை. கடல் மீட்புத் தொண்டு அமைப்பான ஆர்.என்.எல்.ஐ.யின் காவல் வந்தது அதற்குப் பிறகுதான்.

அங்கே நடப்பது இதுதான். பெரிய ஓத நாள்களில் நீர்மட்டம் 6 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். தரை தட்டையாக இருப்பதால், வற்றும்போது கடல் அரை மைலுக்கு மேல் பின்வாங்கும். நடுநடுவே மணல்திட்டுகளும் அவற்றுக்கிடையே பள்ளங்களும் உண்டு. திட்டின் மேல் முழங்கால் நீரில் நின்று பந்து விளையாடுவீர்கள். ஏறிவரும் நீரோ முதலில் உங்கள் முதுகுக்குப் பின்னால், கரைப்பக்கப் பள்ளத்தை நிரப்பும். திரும்பிப் பார்க்கும்போது கரைக்கும் உங்களுக்கும் நடுவே ஆளை மூழ்கடிக்கும் ஆழம்.

ஓதம் சீராக ஏறாது. சுமார் ஆறு மணி நேரம் ஏறும் நீரைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால், மணிக்கு மணி 1, 2, 3, 3, 2, 1 பங்கு. 6 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்றாவது மணியிலும் நான்காவது மணியிலும் தலா ஒன்றரை மீட்டர். அதாவது ஒரே மணி நேரத்தில் உங்கள் கழுத்தளவு. அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் இது இன்னும் கூடும். நாள்காட்டி பார்க்கும் வீடுகளில் இதற்குத் தனிச் செயலி வேண்டாம் :) ஆனால் நேரத்துக்கு அந்தந்த ஊரின் ஓத அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். போர்ன்மத் நேரம் கேம்பருக்குப் பொருந்தாது. கேம்பர் போயே தீருவதென்றால் உச்ச நீருக்கு ஒரு மணி முன்னும் பின்னும், கரையோரம், கொடிகளுக்கு நடுவே மட்டும் குளியுங்கள்.

தென்கரை:
கொடி தெரியாதவர்களுக்கு: மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமாக இரண்டு கொடிகள் நட்டிருந்தால் அவற்றுக்கு நடுவே குளிக்கலாம், உயிர்காப்பாளர் பார்த்துக்கொண்டிருப்பார். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி அலைப்பலகைக்காரர்களின் இடம், அங்கே நீந்தக் கூடாது. முழுச் சிவப்பு என்றால் தண்ணீரில் இறங்கவே கூடாது. ஆரஞ்சு நிறக் காற்றுப்பை பறந்தால் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது என்று பொருள். அன்றைக்குக் கடல் குளம் போல் அமைதியாகத்தான் தெரியும், அதை நம்பிக் காற்றடைத்த மெத்தையையோ வாத்தையோ பிள்ளையிடம் கொடுத்தால் நீங்கள் நீந்திப் பிடிக்கும் வேகத்தைவிட அது வேகமாக வெளியே போகும். என்னைக் கேட்டால் அந்த மெத்தைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

உப்புக்காற்று:
சின்னவளுக்காக இன்னொரு இடம் சொல்கிறேன்: மார்கேட்டின் வால்போல் பே. 1937-இல் கட்டிய கடல்நீர்க் குளம், சுமார் நான்கு ஏக்கர், கட்டணம் இல்லை. ஓதம் ஏறும்போது சுவர்களைத் தாண்டிப் புதுநீர் நிரம்பும், வற்றிய பிறகு குளமாக நிற்கும். அலையும் இழுப்பும் இல்லாததால் நீச்சல் பழகத் தோதான இடம். வெயில் நாளில் நின்ற நீர் வெளிக்கடலைவிடக் கொஞ்சம் சூடேறியும் இருக்கும். கவனிக்க வேண்டியவை: கடல்பக்கம் போகப் போக ஆழம், சுவரில் பாசி வழுக்கும், உச்ச ஓதத்தில் சுவரே மூழ்கி மறைந்துவிடும். ஆகவே வற்று நேரத்தை ஒட்டிப் போங்கள். செயின்ட் பாங்க்ராஸிலிருந்து மார்கேட்டுக்கு ஒன்றரை மணி நேரம் போல ஆகும்.

இனி குளிர். 15 டிகிரிக்குக் கீழே சட்டென்று இறங்கினால் உடம்பு தானாக மூச்சை இழுக்கும், அந்த நேரம் முகம் நீருக்குள் இருந்தால் தண்ணீர் உள்ளே போகும். நன்றாக நீந்துகிறவர்களும் முதல் நிமிடத்திலேயே தடுமாறுவது இதனால்தான். 17 டிகிரியிலும் பழகாதவருக்கு இது லேசாக வரும். குதிக்காதீர்கள். முழங்கால், இடுப்பு, பிறகு கையாலள்ளி முகத்திலும் பிடரியிலும் தண்ணீர், மூச்சு ஒழுங்காகும்வரை ஒன்றரை நிமிடம் நில்லுங்கள். தடுமாறிவிட்டால் கை கால் அடிக்காமல் மல்லாந்து, காது நனையும் அளவுக்குத் தலையைப் பின்னால் சாய்த்து மிதக்க வேண்டும். இதைப் பெரியவனுக்குக் குளத்திலேயே சொல்லிக் கொடுத்துக் கூட்டிப் போங்கள்.

முதல் நாள் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பிள்ளைகள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் சூட்டை இழப்பார்கள். உதடு நீலமான பிறகு கூப்பிடுவது தாமதம், விளையாட்டு சூடுபிடிக்கும்போதே கரையேற்ற வேண்டும். கரையேறிய பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் உடம்பு குளிர்ந்துகொண்டேதான் போகும். நடுக்கம் அப்போதுதான் வரும். ஈரத்தைக் களைந்து முதலில் மேலுடம்புக்கு உலர்ந்த துணி, தலைக்குத் தொப்பி, பிறகு பிளாஸ்கிலிருந்து இனிப்பான தேநீர். உடனே சுடுநீர்க் குளியல் வேண்டாம், தலை சுற்றும்.

வெம்பிளிவாசி:
மிக்க நன்றி. வெட்சூட் (குளிர்நீரில் உடம்புச் சூட்டைக் காக்கும் ரப்பர் உடை) அவசியமா? மனைவி சுடிதாரில் இறங்கலாமா?

உப்புக்காற்று:
பிள்ளைகளுக்கு அவசியம் என்றே சொல்வேன். 3/2 மில்லிமீட்டர் போதும் (உடம்புக்கு 3, கை காலுக்கு 2). அடுத்த வருடத்துக்கும் ஆகட்டும் என்று ஓரளவு பெரிதாக வாங்கினால் காசு வீண். தொளதொளவென்று இருந்தால் ஒவ்வொரு அசைவிலும் குளிர்ந்த நீர் புதிதாக உள்ளே புகும். அக்குளிலும் முதுகிலும் மடிப்பு விழாமல் தோலோடு ஒட்ட வேண்டும். பெரும்பாலான சூட்டில் ஜிப் முதுகுப்பக்கம் வர வேண்டும். முன்பக்கம் போட்டு நிற்கும் பிள்ளைகளை ஒவ்வொரு கரையிலும் பார்க்கலாம்.

பருத்திச் சுடிதார் நீரில் கனக்கும், துப்பட்டா காலைச் சுற்றும், வெளியே வந்ததும் காற்றுப் பட்டுக் குளிர் இரட்டிப்பாகும். முழுக்கை லைக்ரா மேலாடையும் கணுக்கால் வரை லெகிங்ஸும் போட்டால் மறைவும் உண்டு, உடனே காயும். எல்லோருக்கும் ரப்பர் அடி வைத்த நீர்ச்செருப்பு வாங்குங்கள். மணலுக்குள் புதைந்து கிடக்கும் வீவர் மீனின் முள் குத்தினால் தாங்க முடியாத வலி. குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் காலை அரை மணி நேரமாவது வைக்க வேண்டும், ஐஸ் வைக்கக் கூடாது.

ஓதக்கணக்கு:
கிளம்பும் முன் மழையையும் பாருங்கள். பலத்த மழைக்குப் பிறகு சாக்கடை நிரம்பிக் கடலில் திறந்துவிடுவது இங்கே உண்டு, ஒன்றிரண்டு நாள் தள்ளிப் போவது நல்லது. எந்தக் கரையில் திறந்தார்கள் என்று சேஃபர் சீஸ் அண்ட் ரிவர்ஸ் செயலியில் தெரியும். வருடாந்தர நீர்த்தரத்தை ‘மிக நன்று’ தொடங்கி ‘மோசம்’ வரை நான்கு படியாக அரசு வெளியிடுகிறது.

வெம்பிளிவாசி:
போர்ன்மத்துக்குப் பக்கத்தில் ஸ்டட்லண்ட் இன்னும் அமைதி என்று படித்தேன். அங்கேயே போய்விடலாமா?

தென்கரை:
அமைதிதான். தென்மேற்குக் காற்றுக்கு மறைவு, வெகுதூரம் இடுப்பளவு நீர். போர்ன்மத்திலிருந்து 50-ஆம் எண் பேருந்து சங்கிலிப் படகிலேறி அக்கரை போகும். ஆனால் போர்ன்மத் போல வரிசையாக உயிர்காப்பாளர் இல்லை. நீந்தத் தெரியாத பிள்ளையோடு முதல் பயணத்துக்குப் போர்ன்மத், அடுத்த முறை ஸ்டட்லண்ட். அப்போது நோல் பீச்சிலேயே விரிப்பைப் போட்டு உட்காருங்கள். அங்கிருந்து ஷெல் பே பக்கம் நடந்தால் நடுவில் ஒரு பகுதிக்கு அறிவிப்புப் பலகை வைத்திருப்பார்கள், படிக்காமல் தாண்டாதீர்கள். அது துணியில்லாமல் குளிப்பவர்களுக்கு ஒதுக்கிய இடம்.