முதல் தடவை பிசியோதெரபிக்குப் போகிறோம், என்ன செய்வார்கள்?

கேள்வி:
அம்மாவுக்குத் தோள் இறுகி இரண்டு மாதம். கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சேலையைச் செருகக்கூட முடியவில்லை. டொக்டர் பிசியோதெரபிக்கு எழுதித் தந்திருக்கிறார், திங்கட்கிழமை வெள்ளவத்தையில் முதல் நாள். நோகுமா என்று அம்மா பயப்படுகிறா. என்ன கொண்டுபோக வேண்டும்?

பதில் 1:
பயப்பட வேண்டாம் தம்பி. முதல் நாள் பெரும்பாலும் பேச்சும் பரிசோதனையும்தான்: எப்போது தொடங்கியது, இரவில் நித்திரை குழம்புகிறதா, 0 முதல் 10 வரை நோவு எத்தனை என்று கேட்பார்கள், அப்புறம் கையைத் தூக்கச் சொல்லி எவ்வளவு தூரம் போகிறது என்று அளப்பார்கள். எக்ஸ்ரே, மருந்துத் துண்டு எல்லாம் எடுத்துப் போங்கள். சேலை வேண்டாம், தளர்வான சட்டைதான் வசதி.

பதில் 2:
அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், அது உள்ளவர்களுக்கு இந்தத் தோள் இறுக்கம் கூடுதலாக வரும். எனக்கு அடுத்த நாள் கொஞ்சம் நோவு இருந்தது, பிறகு போய்விட்டது. வீட்டுப் பயிற்சியை மட்டும் விடவே கூடாது. சுவரில் விரல்களால் மேலே ஏறச் சொன்னார்கள், நான் குசினிச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன், முதல் கோடு என் நாடிக்கு நேரே, மூன்று மாதத்தில் தலைக்கு மேலே.

கேட்டவர்:
நன்றி அக்கா. சீனி இருக்கிறது. கிளினிக் கொப்பியையும் பையில் வைத்துவிட்டேன்.