ஐலண்ட் எக்ஸ்பிரஸ் போன தீவு: பிரிஸ்டோ கட்டினாரா, கொட்டினாரா?

ஜங்ஷன்_பாலு
சேலம் ஜங்ஷன் வழியா கன்னியாகுமரி போற பெங்களூரு வண்டியை இன்னும் நிறையப் பேர் ஐலண்ட் எக்ஸ்பிரஸ்னுதான் சொல்றாங்க. அந்த ஐலண்ட், கொச்சித் துறைமுகத்துக்குள்ள இருக்கிற வில்லிங்டன் தீவு. ஒரு காலத்துல வண்டி அங்க கொச்சின் ஹார்பர் டெர்மினஸோட நின்னுடும். நம்ம ரயில் குழுவுல ஒருத்தர் "தீவாவது ஒண்ணாவது, சேறு கொட்டின மேடு"ன்னு எழுதியிருக்கார். நான் ஒத்துக்க மாட்டேன். துறைமுக இன்ஜினியர் ராபர்ட் பிரிஸ்டோ 1920-ல வந்து இறங்கினப்ப அங்க வெறும் காயல்தான். 1936-ல கொச்சியைப் பெரிய துறைமுகம்னு அறிவிச்சாங்க. இடைப்பட்ட காலத்துல ஒரே ஆள் தண்ணியில ஊரை எழுப்பினார். இல்லைங்கிறவங்க காரணத்தோட வாங்க.

மேட்டூர்_மதகு
வெறும் காயல் இல்லைங்க. வெண்டுருத்தினு இயற்கையான சின்னத் தீவு ஒண்ணு முன்னாடியே இருந்தது, சனங்க குடியிருந்த இடம். எர்ணாகுளத்துல இருந்து தீவுக்குப் போற பாலத்துக்கு இன்னிக்கும் வெண்டுருத்திப் பாலம்னுதான் பேரு. பிரிஸ்டோ செஞ்சது அதை ஒட்டி மண்ணைக் கொட்டிப் பெருசாக்கினது. அதுவும் தீவு வேணும்னு இல்லை. கப்பல் உள்ள வர ஆழப்படுத்தணும், தோண்டின மண்ணைப் போட இடம் வேணும், அவ்வளவுதான்.

சூரமங்கலம்_சிவில்
ரெண்டு பேரும் கணக்குப் போடாம பேசுறீங்க.

முகத்துவாரத்துல கல்லா இறுகின மணல் திட்டு இருந்தது. அதுக்கு மேல எட்டு, ஒன்பது அடிதான் தண்ணி. பெரிய கப்பல் வெளிக்கடல்லயே நங்கூரம் போட்டு, சரக்கைப் படகுல இறக்கணும். தென்மேற்குப் பருவமழைக் கடல்ல அந்த வேலை நடக்காது. அந்தத் திட்டைக் குறுக்கே வெட்டி, 450 அடி அகலம், மூன்றரை மைல் நீளத்துக்கு வாய்க்கால் எடுத்தாங்க. 1928 மே மாசம் பம்பாயில இருந்து வந்த பத்மா கப்பல் உள்ள நுழைஞ்சது.

அந்த வாய்க்காலை ஒரு அடி ஆழப்படுத்தினா சுமார் 83 லட்சம் கன அடி மண் வரும். தீவுல தூர்த்த நிலம் சுமார் 780 ஏக்கர், அதாவது மூணு கோடியே நாற்பது லட்சம் சதுர அடி. பரப்பிப் பாருங்க, மூணு அங்குல உயரம் கூட முழுசா வராது. இருபது அடி வெட்டினாலும் அஞ்சடிக்குக் கொஞ்சம் குறைவுதான். காயலோட ஆழத்தையும் நிரப்பி, கடல் ஏற்ற மட்டத்துக்கு மேலயும் தூக்க அது எங்க பத்தும்? மைல் கணக்குல தள்ளி இருக்கிற திட்டு மண்ணைக் குழாயில தீவு வரைக்கும் தள்ளுறதும் சுலபம் இல்லை. ஆகவே தீவு மண்ணு, உள்ளே எர்ணாகுளம் பக்கமும் மட்டாஞ்சேரி பக்கமும் கப்பல் நிக்கிறதுக்கும் திரும்புறதுக்கும் ஆழப்படுத்தின காயல் மண்ணு. ரெண்டு பக்கமும் ஆழம், நடுவுல மேடு, மேட்டோரத்துல கப்பலைக் கட்டி நிறுத்துற துறை. இதைத் திட்டம் போடாம யாரும் செய்ய முடியாது. அந்த வகையில பாலு பக்கம் ஒரு ஓட்டு.

மேட்டூர்_மதகு
கணக்கு சரி. ஆனா களி மண்ணுல எழுப்பின நிலத்தை "ஊரைக் கட்டினார்"னு ஒரே வரியில சொல்லிடலாமா? நிலம் எப்படி இறுகும்னும் சொல்லிடுங்க சிவில்.

சூரமங்கலம்_சிவில்
டிரெட்ஜர், அதாவது தூர்வாருற கப்பல், பேரு லார்டு வில்லிங்டன், வெட்டி உறிஞ்சுற வகை. தண்ணிக்குள்ள இறங்குற நீளமான கையோட நுனியில பல்லு வெச்ச தலை சுத்தும், பின்னாலேயே பம்பு இழுக்கும், மிதவை மேல போட்ட குழாய் வழியா கலங்கல் கரைக்குப் போகும். வர்றதுல அஞ்சுல ஒரு பங்கு மண்ணு இருந்தாலே நல்ல வேலை. மிச்சம் தண்ணி. அதனால முதல்ல சுத்திலும் கரை போட்டு, ஒரு கோடியில தண்ணி வழிய மதகு வைக்கணும்.

சிக்கல் அங்கதான். மணல் கனம், குழாய் வாய்க்கிட்டயே விழுந்துடும். களி மிதந்துக்கிட்டே மதகு வரைக்கும் போய் அங்க படியும். ஒரே நிலத்துல ஒரு மூலை லாரி தாங்கும், எதிர் மூலை வருஷக்கணக்குல கூழா இருக்கும். குழாய் வாயை அடிக்கடி இடம் மாத்தினாத்தான் மணல் பரவலா விழும். பொறுமை இல்லாம மேல கட்டடம் எழுப்பினா ஒரு பக்கமா இறங்கி, ஜன்னல் மூலையில குறுக்கு விரிசல் விடும். பைல், அதாவது ஆழத்துக்கு இறக்குற அஸ்திவாரத் தூண், அடிச்சாலும், இறங்குற களி பைலையும் சேர்த்துக் கீழ இழுக்கும். அந்தச் சுமையையும் கணக்குல சேர்க்கணும்.

சேர்வராயன்
பொறியியல் இருக்கட்டும். "ஒரே ஆள்" என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பிரிட்டிஷ் கொச்சி அன்று மலபார் ஜில்லாவில், அதாவது சேலம் இருந்த அதே சென்னை மாகாணத்தில் இருந்தது. துறைமுகத்தில் கொச்சி சமஸ்தானத்துக்கும் திருவிதாங்கூருக்கும் பங்கு. மூன்று அரசுகள் உட்கார்ந்து பேசாமல் ஒரு கூடை மண் நகர்ந்திருக்காது. 1935 முதல் 1941 வரை கொச்சி திவானாக இருந்து துறைமுகத்தை வளர்த்தவர் நம் கோவை ஆர்.கே. சண்முகம் செட்டியார். பெயர் மட்டும் 1919-24இல் சென்னை கவர்னராக இருந்த வில்லிங்டன் பிரபுவுக்குப் போனது. மேட்டூர் நீர்த்தேக்கம் ஸ்டான்லி ஆன கதைதான்.

ஜங்ஷன்_பாலு
வேலை பிரிஸ்டோ தலையில விழுந்ததா இல்லையா? வாய்க்கால் வெட்டினா பக்கத்துல இருக்கிற வைப்பின் தீவுக் கரையைக் கடல் தின்னுடும்னு முன்கூட்டியே பார்த்து, கருங்கல் தூண்டில் வளைவு போட்டவர் யாரு? திவானா?

மேட்டூர்_மதகு
தூண்டில் வளைவு ஒரு பக்கம் மணலைப் பிடிச்சா அடுத்த பக்கம் பட்டினி. நம்ம கிழக்குக் கடற்கரையில பார்க்காததா? வைப்பின்ல அது வேலை செஞ்சது, பாராட்டலாம். என் பேச்சு சனங்களைப் பத்தி. மேட்டூர்ல தண்ணி இறங்கினா பண்ணவாடி நந்தியும் கிறிஸ்தவக் கோயில் கோபுரமும் வெளிய தெரியும், ஊர் இருந்ததுக்கு வேற சாட்சி வேண்டாம். பழைய வெண்டுருத்திப் பக்கம் இன்னிக்குக் கடற்படை வேலிக்குள்ள. எட்டிப் பார்க்கவும் முடியாது. அதான் "வெறும் காயல்"னு எழுத வருது.

சேர்வராயன்
குடியிருப்பு என்ற பேச்சே அங்கே வேறு. தூர்த்த நிலம் பெரும்பாலும் துறைமுகத்துடையது. பட்டா கிடையாது, குத்தகைதான். இருப்பவை துறைமுகம், சுங்கம், ரயில்வே, கடற்படைக் குவார்ட்டர்ஸ். வேலை போனால் வீடு காலி. 1999இல் நெடும்பாசேரி விமான நிலையம் வந்ததும் இந்தத் தீவில் இறங்கிக்கொண்டிருந்த பயணிகள் விமானம் அங்கே போனது. 2011இல் கண்டெய்னர் பக்கத்துத் தீவான வல்லார்பாடத்துக்குப் போனது, அங்கே 14.5 மீட்டர் மிதவை ஆழம், அதாவது தண்ணீருக்குள் அவ்வளவு ஆழம் இறங்கும் கப்பலுக்கு இடம், கிடைக்கிறது. இப்போது ரயிலும் இல்லை. தீவு ஓய்ந்துவிட்டது என்பேன்.

ஜங்ஷன்_பாலு
எர்ணாகுளம் வார்ஃப், மட்டாஞ்சேரி வார்ஃப் ரெண்டும் அங்கதான் இருக்கு. 1947-ல ஆரம்பிச்ச தேயிலை ஏலமும் அந்தத் தீவுல வந்ததுதான். ஓய்ஞ்சதாம்! ஏற்காட்டுல உக்காந்து பார்த்தா எல்லாத் துறைமுகமும் ஓய்ஞ்ச மாதிரிதாங்க தெரியும்.

சூரமங்கலம்_சிவில்
ஓய்ஞ்சதா இல்லையாங்கிறது தூர்வாருறதை நிறுத்தினா தெரியும். கொச்சியில கடல் ஏற்ற இறக்க வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான், அந்த ஓட்டம் மட்டும் ஆழத்தைக் காப்பாத்தாது. ஒவ்வொரு மழைக்காலமும் வண்டல் வந்து அடைக்கும். பிரிஸ்டோ போட்ட வாய்க்காலுக்கும் சரி, வல்லார்பாடத்துக்கும் சரி, செலவு கட்டி முடிச்ச அன்னிக்குத்தான் ஆரம்பிச்சது. மதகு, அந்த வெண்டுருத்தியோட பழைய எல்லை காட்டுற வரைபடம் கிடைச்சா இங்கேயே போடுங்க. அப்பத்தான் 780 ஏக்கர்ல எதை எதோட கூட்டணும்னு தெரியும்.