ஹாம் நெட்டில் அரசியல் பேச்சு: கோடு எங்கே?

டைபோல்: நம் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) ரிப்பீட்டரில், அதாவது சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் நிலையத்தில், வரிசையாகப் பேசும் கூட்டமான காலை நெட்டுக்கு ஒரு ஒழுங்கு வைப்போம். கட்சி, தேர்தல், தலைவர் பெயர் வந்தால் நெட் கன்ட்ரோலர் (நெட்டை நடத்துபவர்) ஒரு தடவை எச்சரிப்பார். மறுபடியும் வந்தால் அன்றைக்கு அந்த ஸ்டேஷன் வரிசையில் கிடையாது. இது நம் கற்பனை இல்லை. இந்தியாவின் 1978 அமெச்சூர் சர்வீஸ் விதிகளிலேயே அரசியல் சர்ச்சை, தொழில் சர்ச்சை பற்றிய கருத்துக்குத் தடை இருக்கிறது. பாட்டு, செய்தி, விளம்பரமும் அதே பட்டியலில்தான்.

மோர்ஸ்சாவி: விதி தடுப்பது சர்ச்சையை. நீங்கள் தடுப்பது பெயரை. ரெண்டும் ஒண்ணா ஓஎம் (நண்பரே)? லைசென்ஸ் தாமதம், அபார்ட்மென்ட் மொட்டைமாடியில் ஆன்டெனா வைக்க விடாத சங்கம் என்று பேசினால் அமைச்சகம் பெயர் வராமலா போகும்? மழைக்காலத்தில் செம்பரம்பாக்கத்தில் எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்று சொன்னால் அதுவும் அரசியலா?

டைபோல்: கன அடியைத் தாராளமாகச் சொல்லலாம். ஏன் முன்னாடியே திறக்கவில்லை, யார் உத்தரவு என்று அடுத்த வாக்கியம் வருமே, அதுதான் சர்ச்சை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஓடியது அதுதானே.

மோர்ஸ்சாவி: அப்படியானால் அதையே எழுதுங்கள். பெயர்ப் பட்டியல் வேண்டாம்.

ரிப்பீட்டர்காரர்: எழுதுவது சுலபம், காற்றில் நிறுத்துவதுதான் கஷ்டம். ஒருவர் பிடிடியை (பேசும்போது அழுத்தும் பொத்தான்) அழுத்தியிருக்கும்போது மேலே ஏறிப் பேசாதீர்கள். எஃப்எம்மில் வலுவான சிக்னல் மட்டும்தான் கேட்கும்; ரெண்டும் சமமாக இருந்தால் வெறும் கிரீச். நீளப் பேச்சைத் தானே துண்டிக்கும் டைம்-அவுட்டையும் நம்பாதீர்கள். பெரும்பாலும் 3 நிமிஷம் வைத்திருப்பார்கள். கையை எடுத்து, பீப் வந்தபின் அழுத்தினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும். அந்தப் பீப் இடைவெளியில் நுழைந்து, உங்கள் கால்சைன் (லைசென்ஸில் தரும் அடையாளக் குறி) சொல்லி, "தலைப்பை மாற்றுவோம்" என்று மட்டும் சொல்லி, அதே மூச்சில் அடுத்த ஸ்டேஷனைக் கூப்பிடுங்கள். காரணம் விளக்கவே கூடாது, விளக்கினால் பதில் வரும். டிடிஎம்எஃப் கோடு (ஃபோன் பட்டன் ஒலிக் குறியீடு) போட்டு ரிப்பீட்டரையே அணைப்பது கடைசி வழி. அவசரத்துக்குக் கூப்பிடுகிறவருக்கும் அப்போது வழி அடைபடும்.

யாகி: வேண்டியவர்கள் சிம்ப்ளக்ஸுக்கு (ரிப்பீட்டர் இல்லாத நேரடிப் பேச்சு) போய் அடித்துக்கொள்ளட்டுமே? அமெரிக்கர்கள் 75 மீட்டர் அலைவரிசையில் அரசியல் பேசுகிறார்களே?

டைபோல்: தடை ரிப்பீட்டருக்கு இல்லை தம்பி, லைசென்ஸுக்கு. 145.500 மெகாஹெர்ட்ஸுக்கு க்யூஎஸ்ஒய் செய்தாலும் (அலைவரிசை மாறினாலும்) அதே விதி. டீக்கடைக்குப் போகச் சொல்லுங்கள், அங்கே கால்சைன் கேட்க மாட்டார்கள்.

மோர்ஸ்சாவி: அமெரிக்காவில் எஃப்சிசியின் (அவர்கள் தொலைத்தொடர்பு ஆணையம்) அமெச்சூர் விதிகளான பகுதி 97 அரசியலைத் தடுக்கவில்லை. அது அவர்கள் லைசென்ஸ். நாடு விட்டு நாடு பேசும்போது ஐடியூ (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) விதி 25.2 வேறு இருக்கிறது: அமெச்சூர் பணி சார்ந்த விஷயம், சொந்த விஷயம், அவ்வளவுதான். இதில் டைபோல் பக்கம்தான் நான். ஆனால் "மறுபடி வந்தால் வெளியே" என்பதை ஒப்ப மாட்டேன். ஆளுங்கட்சியைப் புகழ்ந்தால் காதில் விழாது, திட்டினால் மட்டும் எச்சரிக்கை வரும். நேரம், கால்சைன், பேசிய வாக்கியம் மூன்றையும் லாக்கில் எழுதட்டும். கன்ட்ரோலரும் வாரத்துக்கு ஒருவராக மாறட்டும்.

டைபோல்: லாக் சரி. சுழற்சிக்குக் காலை 7 மணிக்கு வர நாலு பேர் பெயர் கொடுங்கள், மாற்றிவிடலாம்.

ரிப்பீட்டர்காரர்: பெயர் கொடுப்பவர்கள் கால்சைனோடு கொடுங்கள். எச்சரிக்கை வாங்கியவர்களும் கொடுக்கலாம்.