ரெட் ஹவுஸ் எரிந்ததா, இல்லையா?

கடலோரக்காகம்: கரீபியத் தீவான டிரினிடாட் பற்றி இங்கே ஒரு பதிவு. போர்ட் ஆஃப் ஸ்பெயின் நாடாளுமன்றமான ரெட் ஹவுஸ், விக்டோரியா ராணியின் வைர விழாவுக்காக 1897-இல் சிவப்பு அடித்த அதே கட்டடமாம். லைக் வேறு குவிகிறது. ஐயா, அது 1903 மார்ச் 23 அன்றே எரிந்துபோச்சு! இப்போது நிற்பது 1907-இல் திறந்தது.

பழையபேட்டை: பதிவு என்னுடையதுதான். அதே இடம், அதே பெயர், அதே சிவப்பு. பிறகென்ன வேறு கட்டடம்?

கடலோரக்காகம்: 1903-இல் எரிந்தது.

சும்மாபார்ப்பவன்: எரித்தது யாரு?

கடலோரக்காகம்: ஊர்மக்கள். காலனி அரசு தண்ணீர்க் கட்டணச் சட்டம் கொண்டுவந்தது. அந்த விவாதத்தைக் கேட்க வருகிறவனுக்கு டிக்கெட் வேண்டும் என்றார்கள். எதிரே, இன்றைய உட்ஃபோர்டு சதுக்கத்தில் கூட்டம் திரண்டது. கல் பறந்தது, தீ பிடித்தது, போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள். இதெல்லாம் பேட்டையார் பதிவில் ஒரு வரிகூட இல்லை. பெயின்ட் மட்டும் இருக்கிறது.

பழையபேட்டை: பெயர் எப்படி வந்தது என்றுதான் எழுதினேன். உங்களைப் போல வரலாற்றுப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போடவில்லை.

கடலோரக்காகம்: இப்போது நிற்பது பொதுப்பணித் துறை வரைவாளர் ஹான் புதிதாக வடிவமைத்தது ஐயா. சபை மண்டபக் கூரையில் வெளிர்நீலத்தின் மேல் வெள்ளைச் சுதை வேலை, அதுவும் அவர் காலத்தது. 1897-இல் ஏது?

கரும்புக்காடு: எல்லாம் தோட்டத்தில் வேர்வை சிந்தினவன் காசு. இந்தியக் கூலிகளோடு ஃபாட்டல் ரசாக் கப்பல் 1845-இல் வந்தது. அதை விட்டுட்டு பெயின்டாம்.

பழையபேட்டை: ரெட் ஹவுஸ் அடிக்கல் 1844. கப்பலுக்கு முன்னாடியே.

கரும்புக்காடு: ஆமா, அடிக்கல் மேலேயே கூரை நின்னுச்சு.

சும்மாபார்ப்பவன்: கயானாவின் ஜார்ஜ்டவுன் நகர மண்டபம் 1889-லிருந்து மரத்திலேயே நிற்கிறதே. அழகில் அதுதான்...

கடலோரக்காகம்: தலைப்பை மாற்றாதீர்கள். எரிந்ததா, இல்லையா?

பழையபேட்டை: எரிந்தால் என்ன? 1990-இல் கிளர்ச்சித் தலைவர் அபுபக்கர் ஆட்கள் உள்ளே புகுந்து பிரதமர் ராபின்சனையே பிணையாகப் பிடித்தார்கள். அப்போது யாராவது "இது 1907 கட்டடம்" என்றார்களா? ரெட் ஹவுஸ் என்றுதான் சொன்னார்கள்.

கடலோரக்காகம்: 1903.

பழையபேட்டை: பார்படோஸின் பிரிட்ஜ்டவுன் கட்டடங்கள் பற்றிய திரியிலும் இப்படித்தான், பவளக் கல்லா சுண்ணாம்புக் கல்லா என்று மூன்று பக்கம் ஓட்டினீர்கள்.

கடலோரக்காகம்: பவளச் சுண்ணாம்புக் கல் என்று அங்கேயே முடித்துவிட்டேன். நீங்கள்தான் பதில் போடாமல் ஓடினீர்கள்.

பழையபேட்டை: ஓடினேனா? சாப்பிடப் போனேன்.

கடலோரக்காகம்: பதிவைத் திருத்துங்கள். 1903.

பழையபேட்டை: திருத்த மாட்டேன்.