செங்கடல் தாமதமும் வாசலில் நின்ற லாரிகளும்

பர்கூர், மாங்கூழ் ஆலைப் பணியாளர்:
2024 ஜூனில் எங்கள் ஆலை வாசலில் நின்ற நான்கு லாரிகளை இன்றும் மறக்க இயலவில்லை. கிருமி நீக்கிய பைகளில் கூழை நிரப்பும் இயந்திரத்தின் ரப்பர் வளையம் தேய்ந்துபோயிருந்தது. இத்தாலியிலிருந்து மே மாதமே வந்திருக்க வேண்டிய மாற்று வளையங்கள், செங்கடலில் கப்பல்கள் மீது நடந்த தாக்குதல்களுக்கு அஞ்சி ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவந்த கப்பலில் கிடந்தன. மூன்றாம் நாள் காலை ஒரு பெரியவர் தார்ப்பாயை விலக்கி, பெங்களூரா ரக மாம்பழம் ஒன்றை எடுத்து, என் கண்ணெதிரே கட்டைவிரலால் அழுத்தினார். நகம் மறையும்வரை விரல் உள்ளே இறங்கியது. ஒன்றும் பேசாமல் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு லாரியில் ஏறி அமர்ந்தார். இயந்திரம் நின்றதற்கு அவர் எவ்வகையிலும் பொறுப்பல்லர். ஆயினும் கழிவு போக நாங்கள் எடைபோட்டதில் நட்டம் அவருக்கே வந்தது.

ஓசூர், ரோஜாப் பண்ணை:
இதைச் செங்கடலின் மேல் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை, ஐயா. பெரிய கப்பல் நிறுவனங்கள் 2023 டிசம்பரிலேயே அவ்வழியைத் தவிர்க்கத் தொடங்கிவிட்டன. உங்களுக்கு ஐந்து மாதம் இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் வளையத்தை முன்னதாகவே வாங்கி வைத்திருக்கலாம், அல்லது விமானத்தில் வரவழைத்திருக்கலாம். எங்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. 2020 மார்ச்சில் பன்னாட்டு விமானங்கள் நின்றபோது, குளிர்அறையில் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்த தாஜ்மகால் ரக ரோஜாக்களை, மொட்டு விரியும் முன்பே, குழி வெட்டிக் கொட்டினோம்.

கிருஷ்ணகிரி, கிரானைட் ஏற்றுமதி:
என் கதை சிறியது. 2021-இல் கண்டெய்னர் கிடைக்காமல் மெருகேற்றிய பலகைகள் முற்றத்திலேயே கிடந்தன. கப்பல் கூலியையும் விலைக்குள் அடக்கி ஒப்பந்தம் செய்திருந்ததால், கூலி ஏறியது முழுவதும் எங்கள் தலையில் விழுந்தது.

அதனால் யாரும் கேட்காமலே சொல்கிறேன். கூலி ஏறினால் யார் ஏற்பது என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதி வாங்குங்கள். காப்பீடு இருக்கிறதே என்று நம்பியிருக்காதீர்கள்: வழக்கமான கடல்வழிச் சரக்குக் காப்பீடு, கெட்டுப்போவதற்குத் தாமதமே காரணம் என்றால் இழப்பீடு தருவதில்லை, போர் அபாயத்துக்குத் தனியாகப் பாலிசி சேர்க்க வேண்டும். ஓசூர் நண்பர் சொல்வதுபோல் உதிரிகளை வாங்கி வைப்பது நல்லதுதான். ஆனால் ரப்பர் நாள்பட்டால் இறுகும், ஆகவே வாங்கிய தேதியை உறையின் மேல் எழுதி, பழையதை முதலில் பயன்படுத்துங்கள். எந்த உதிரி ஒரே விற்பனையாளரிடம் மட்டும் கிடைக்கிறது என்பதைப் பருவத்துக்கு முன்பே கணக்கெடுங்கள்.

பர்கூர் நண்பரிடம் ஒரு கேள்வி: ஆலையின் பழுதால் காய் காத்திருந்தால் இழப்பு யாருடையது என்று அந்தப் பெரியவரிடம் எழுத்தில் ஏதேனும் உண்டா?

பர்கூர், மாங்கூழ் ஆலைப் பணியாளர்:
இல்லை, ஐயா. வெளிநாட்டு வாங்குநரோடு பல பக்க ஒப்பந்தம் இருக்கிறது. அந்தப் பெரியவர் கையில் இருந்தது எடைச்சீட்டு மட்டுமே. விமானத்தில் வரவழைக்கலாம் என்று இரண்டாம் நாளே நான் கேட்டேன். செலவு அதிகம் என்று மறுத்துவிட்டார்கள்.