எழுத்து எழுதும் முறையைக் காட்ட ஜிஃப் போதுமா, வீடியோதான் வேண்டுமா?

கரும்பலகை:
ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் எழுத்தைப் பார்த்து அப்படியே வரைந்துவிடுகிறார்கள், ஆனால் எங்கே தொடங்க வேண்டும் என்று தெரிவதில்லை. ‘ப’வை வலப்பக்கக் கோட்டிலிருந்து எழுதுகிறவர்கள் பலர். எழுத்து தானாகவே எழுதப்படுவது போல ஜிஃப் படம் செய்து காட்டலாம் என்று கிம்ப் மென்பொருளைத் திறந்தேன். வெள்ளைப் பின்னணியில் முழு ‘அ’வை ஒரு லேயரில் (ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும் தாள் போன்றது) எழுதினேன். அதை நகலெடுத்து வால் பக்கத்தில் கொஞ்சம் அழித்தேன். அந்த நகலை மறுபடி நகலெடுத்து இன்னும் கொஞ்சம் அழித்தேன். இப்படி 14 லேயர்.

சேமித்துப் பார்த்தால் மூன்று சிக்கல். எழுத்து வளர்வதற்குப் பதில் மறைந்துகொண்டே போகிறது. ஒரு தடவை ஓடி நின்றுவிடுகிறது. வேகமாக ஓடட்டும் என்று ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது அடுத்தடுத்து வந்து போகும் ஒவ்வொரு படத்துக்கும், 10 மில்லிவிநாடி கொடுத்தேன். பிரவுசரில் 100 கொடுத்தபோது ஓடிய அதே வேகம்தான். நான் போகிற வழியே தப்பா?

ஓடும்படம்:
டீச்சர், வழியே தப்பு என்றுதான் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கிம்ப்பும் போட்டோஷாப்பும் ஒற்றைப் படத்தைத் திருத்துவதற்கானவை. போனை ஸ்டாண்டில் கவிழ்த்து மாட்டி, தாளில் ‘அ’ எழுதி வீடியோ எடுத்தால் அரை நிமிட வேலை. உங்கள் கை போகும் வேகம், எங்கே திரும்புகிறது, எங்கே அழுத்துகிறது எல்லாம் அதில் இருக்கும். ‘அ’ என்று சொல்லிக்கொண்டே எழுதலாம். ஜிஃப்பில் ஒலி கிடையாது. நடுவில் நிறுத்திக் காட்டவும் முடியாது. தமிழில் 247 எழுத்து. எழுத்துக்கு 14 லேயர் என்றால் என்ன ஆகும், நீங்களே கணக்குப் போடுங்கள்.

அடுக்குப்படம்:
முதலில் டீச்சர் கேட்டதற்குப் பதில். கிம்ப்பில் கீழே இருக்கும் லேயர்தான் முதல் ஃபிரேம், மேலே இருப்பது கடைசி. நீங்கள் அழித்து அழித்து மேலே அடுக்கியிருக்கிறீர்கள், அதனால்தான் எழுத்து மறைகிறது. லேயர் மெனுவில் வரிசையைத் தலைகீழாக்கும் கட்டளை இருக்கிறது, ஒரே சொடுக்கு. போட்டோஷாப்பிலும் டைம்லைன் பலகத்தின் மெனுவில் ஃபிரேம்களைத் திருப்பிப் போடலாம்.

ஒரு தடவையோடு நிற்பதற்குக் காரணம், சேமிக்கும்போது ‘எப்போதும் சுற்று’ என்ற பெட்டியில் டிக் விழவில்லை. ஜிஃப் 1987-ல் கம்ப்யூசர்வ் நிறுவனம் கொண்டுவந்தது. ஃபிரேமுக்கு ஃபிரேம் இவ்வளவு நேரம் என்று குறிக்கும் வசதி 1989-ல் சேர்ந்தது. திரும்பத் திரும்ப ஓடச் சொல்லும் குறிப்பு அதிலும் இல்லை. பிற்பாடு நெட்ஸ்கேப் பிரவுசர் சேர்த்தது. அதனால்தான் இன்றும் அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

வேகம்: ஜிஃப் நேரத்தை நூறில் ஒரு விநாடிக் கணக்கில்தான் எழுதும். 10 மில்லிவிநாடி என்றால் அதன் கணக்கில் 1. இவ்வளவு சிறிய எண்ணைக் கண்டால் பெரும்பாலான பிரவுசர்கள் அதை ஒதுக்கிவிட்டு 100 மில்லிவிநாடியாக எடுத்துக்கொள்ளும். 20-க்குக் கீழே போகாதீர்கள். உங்கள் வேலைக்கு 80 முதல் 120 வரை போதும்.

இப்போது ஓடும்படம் சாருக்கு. கையை வீடியோ எடுத்தால் கைதான் தெரியும். வலக்கையால் எழுதும்போது பேனா முனைக்கு வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் கை மறைத்துவிடும். பிள்ளை பார்க்க வேண்டியது அந்த முனையைத்தான். இடக்கைப் பழக்கம் உள்ள குழந்தைக்கு இன்னும் குழப்பம். கையைப் பார்த்து எழுதப் போகும், கோட்டைப் பார்க்காது.

வரைகோல்:
இரண்டு பேர் சொல்வதும் எனக்கு ஒப்பவில்லை. ஃபிரேம் ஃபிரேமாகச் செய்ய வேண்டும் என்றால் அதற்கென்றே கிரிட்டா இருக்கிறது, அதுவும் இலவசம். முந்தைய ஃபிரேம் மங்கலாகப் பின்னால் தெரியும், அதைப் பார்த்து அடுத்ததை வரையலாம். கிம்ப்பில் அந்த வசதி இல்லாமல் லேயரின் அடர்த்தியைக் குறைத்துக் குறைத்துப் பார்க்க வேண்டும். பந்து துள்ளும் படம் ஒன்றை அப்படிச் செய்து கண் வலித்ததுதான் மிச்சம்.

அடுக்குப்படம்:
பந்துக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. பந்து இடம் மாறுகிறது. எழுத்து அப்படி இல்லை. போட்ட கோடு போட்ட இடத்திலேயே இருக்கிறது, புதிதாக ஒரு துண்டு மட்டும் சேர்கிறது. ஃபோட்டோ மென்பொருளில் லேயர் வேலை செய்வதே அப்படித்தானே? கிம்ப்பில் இதற்கென்றே ‘சேர்த்துக் காட்டு’ என்ற முறை உண்டு. முந்தைய ஃபிரேமின் மேலேயே அடுத்தது விழும். ஆகவே இரண்டாவது லேயரிலிருந்து பின்னணியே வேண்டாம், புதிய துண்டு மட்டும் போதும்.

டீச்சர், ரப்பரால் அழிக்கும் முறையில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு கோடு இன்னொரு கோட்டைத் தொடும் இடத்தில் ரப்பர் இரண்டையும் தின்றுவிடும். ‘க’வில் பார்த்திருப்பீர்கள்.

கரும்பலகை:
ஆமாம், அதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். ‘அ’வில் சுழி முடிந்து குறுக்கே ஓடும் கோட்டை அழித்தால் சுழியின் ஓரமும் போய்விட்டது. பெரிதாக்கி வைத்து விளிம்பு விளிம்பாக ஒட்டவைத்தேன்.

ஓடும்படம்:
இதைத்தான் சொல்கிறேன். ஒரு எழுத்துக்கே இந்தப் பாடு. 247-க்குப் பதில் இன்னும் வரவில்லை.

அடுக்குப்படம்:
சரி, கணக்குக்கு வருவோம். உயிர் 12, ஆய்தம் 1, அகர உயிர்மெய் 18. இவற்றை வரைந்தே ஆக வேண்டும். இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளில் குறி எழுத்தோடு ஒட்டிக்கொள்வதால் அந்த 72-ஐயும் தனியாகப் பார்க்க வேண்டும். ஆக 103.

மீதி 144-க்குப் புதிதாக எதுவும் வரைய வேண்டாம். புள்ளி வைத்தால் 18 மெய்யும் வந்துவிடும். துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு நான்கையும் ஒருமுறை செய்துவைத்துக்கொண்டால் ஆ, எ, ஏ, ஐ, ஒ, ஓ வரிசைகள் முடிந்தன. ஔகாரத்தின் கடைசிக் குறிக்கு ஏற்கெனவே வரைந்த ‘ள’ இருக்கிறது. 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றதன் பலன் இங்கே கைமேல் கிடைக்கிறது. ணா, றா, னாவுக்கும் அதே துணைக்கால், லை, ளைக்கும் அதே கொம்பு. அந்த 72-லும் ‘கி’க்கு ‘க’வின் உடல் தயாராக இருக்கிறது, தலைக்கு மேல் வளைவு மட்டும் பாக்கி.

வீடியோ எடுத்தால் 247 தடவை எழுத வேண்டும். ஒவ்வொரு தடவையும் வெளிச்சம் மாறும், எழுத்தின் அளவு மாறும்.

ஓடும்படம்:
கணக்கை ஒத்துக்கொள்கிறேன். இத்தனை எழுத்து மிச்சமாகும் என்று நான் யோசிக்கவில்லை. ஆனால் ஒலி விஷயத்தில் நான் இறங்கி வரமாட்டேன். ‘கெ’யில் கொம்பை முதலில் எழுதுகிறோம், வாய் முதலில் சொல்வது ‘க்’. கண்ணுக்கு ஒரு வரிசை, காதுக்கு ஒரு வரிசை. இந்த இடத்தில் ஆசிரியரின் குரல் இல்லாமல் பிள்ளைக்குப் புரியாது. அப்புறம், வாட்ஸ்அப்பில் ஜிஃப்பாக அனுப்பினாலும் அது சின்ன வீடியோவாக மாறித்தான் போகிறது. பெற்றோருக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால் ஜிஃப்பைக் கட்டிக்கொண்டு அழுவானேன்?

அடுக்குப்படம்:
வகுப்பில் குரல் கொடுக்க டீச்சரே இருக்கிறார். படம் சுவரில் சுற்றிக்கொண்டே இருக்கட்டும், அவர் சொல்லிக்கொடுக்கட்டும். வீட்டுக்கு அனுப்புவதென்றால் நீங்கள் சொல்வது நியாயம், அதே ஃபிரேம்களை வீடியோவாக்கிக் குரலைச் சேர்க்கலாம். லேயர் கோப்பு கையில் இருந்தால் எதை வேண்டுமானாலும் செய்யலாம். ‘ப’வின் நான்கு ஃபிரேமை ஒரே தாளில் அச்சடித்துக் கையில் கொடுக்கலாம், கோடு கத்தரித்தது போல இருக்கும். வீடியோவிலிருந்து எடுத்த படத்தில் அந்தக் கூர்மை வராது.

வரைகோல்:
நிறம் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இதில் டீச்சர் ஏமாறக்கூடாது. ஜிஃப்பில் ஒரு ஃபிரேமுக்கு 256 நிறம்தான். பின்னணியில் நிறம் மெல்ல மாறுவது போல ஏதாவது போட்டால் பட்டை பட்டையாக வரும். ஒளிபுகும் பின்னணியும் வேண்டாம். ஒரு புள்ளி முழுதாகத் தெரியும் அல்லது முழுதாக மறையும், பாதி தெரிவது கிடையாது. அதனால் எழுத்தின் வளைவில் பல் பல்லாகவோ வெள்ளை விளிம்போடோ வரும். வெள்ளைப் பின்னணி, கறுப்புக் கோடு, புதிதாக விழும் துண்டு மட்டும் சிவப்பு. எட்டு நிறத்தில் அடங்கிவிடும், கோப்பும் சிறிதாக இருக்கும்.

கரும்பலகை:
நேற்று இரவு ‘ப’வைப் புதிதாகச் செய்தேன். ரப்பரைத் தொடவே இல்லை, ஒவ்வொரு துண்டையும் தனி லேயரில் போட்டேன். இறங்கு கோடு நான்கு ஃபிரேம், தரைக்கோடு நான்கு, ஏறு கோடு நான்கு. எல்லாம் 100 மில்லிவிநாடி. இரண்டு மூலைகளில் மட்டும் 400, எழுத்து முடிந்ததும் 1500. நேரத்தை லேயர் பெயரிலேயே அடைப்புக்குறிக்குள் எழுதினால் போதும் என்பதை இப்போதுதான் கண்டுபிடித்தேன். சிவப்புத் துண்டைப் பிறகு கறுப்பாக்க, அடுத்த லேயரில் அதன் மேலேயே கறுப்பு பூசிக்கொண்டேன். மொத்தம் 30 கேபிகூட இல்லை.

இன்று வகுப்பில் ஓடவிட்டேன். மூலையில் படம் நின்றபோது பிள்ளைகளின் விரலும் காற்றில் நின்றது. வீடியோவில் என் கை அந்த இடத்தில் நிற்காமல் ஓடியிருக்கும்.

ஓடும்படம் சார், கொம்பு வரிசைக்கு வரும்போது குரலோடுதான் செய்யப் போகிறேன், நீங்கள் சொன்னது மனசில் நின்றுவிட்டது. அடுக்குப்படம் சார், ‘ணு’வுக்கு ‘ண’வின் உடலை அப்படியே வைத்துக்கொள்ளலாமா, கடைசிச் சுழியிலிருந்து மறுபடி வரைய வேண்டுமா?

அடுக்குப்படம்:
கடைசிக் கோட்டுக்கு முன்பு வரை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நின்ற கோட்டை மட்டும் தூக்கிவிட்டு, கீழே இறங்கி வளையும் கோட்டோடு சேர்த்து ஒரே வீச்சாக வரையுங்கள். இரண்டாக வெட்டினால் பிள்ளைகள் அங்கே பேனாவை எடுத்துவிடுவார்கள்.