தொழில்புரியும் பெண்களின் கிளப்புகள் உண்மையில் எதைச் சாதித்தன?

சுடர்க்கொடி:

அமெரிக்கச் சிற்றூர்களில் இருந்த பி.பி.டபிள்யூ. கிளப்புகளின் பழைய மினிட்ஸ் புத்தகங்களை, அதாவது கூட்டக் குறிப்பேடுகளை, கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பிசினஸ் அண்ட் புரொபஷனல் விமன்ஸ் கிளப் என்பது முழுப்பெயர், சொந்தமாகச் சம்பாதிக்கிற பெண்கள் கூடிய இடம். ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் இவற்றை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: மாதம் ஒரு விருந்து, வருஷம் ஒரு மாணவிக்கு உதவித்தொகை, அவ்வளவுதான். எனக்கு இது அநியாயமாகப் படுகிறது, அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

முதல் உலகப்போரில் ஆண்கள் படைக்குப் போனதும் அலுவலகம், வங்கி, தந்தி நிலையம் எல்லாவற்றுக்கும் பெண்கள் தேவைப்பட்டார்கள். எந்த ஊரில் என்ன வேலை தெரிந்த பெண்கள் இருக்கிறார்கள் என்று திரட்டிச் சொல்ல அரசாங்கத்துக்கே ஓர் அமைப்பு வேண்டியிருந்தது, ஒய்.டபிள்யூ.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளம்பெண்கள் சங்கம் வழியாக அந்த வேலை தொடங்கியது. 1918 நவம்பரில் போர் முடிந்துவிட்டது, ஆனால் கூடிய பெண்கள் கலையவில்லை. 1919 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகரில் கூடித் தேசியக் கூட்டமைப்பாகப் பதிந்துகொண்டார்கள். முன்னின்று நடத்தியவர் கென்டக்கியைச் சேர்ந்த வழக்கறிஞர் லீனா மேடசின் பிலிப்ஸ். அந்த ஜூலையில் அங்கே எல்லா மாநிலப் பெண்களுக்கும் ஓட்டு கூட இல்லை, அதைத் தந்த அரசியல் சட்டத்தின் 19ஆம் திருத்தம் நிறைவேறியது 1920 ஆகஸ்டில்தான்.

அப்புறம் 1930களின் பொருளாதார மந்தக் காலம். 1932இல் வந்த பொருளாதாரச் சட்டத்தின் 213ஆம் பிரிவு, ஆட்குறைப்பு வந்தால் கணவன் மனைவி இருவருமே மத்திய அரசு ஊழியர்களாக இருக்கிற குடும்பத்தில் முதலில் கைவைக்கச் சொன்னது. ஆண் பெண் என்று சட்டம் பிரிக்கவில்லை, ஆனால் சம்பளம் குறைந்தவர்தானே வேலையை விடுவார், பெரும்பாலும் அது மனைவி. மாநிலங்களிலும் மணமான பெண்களை வேலையிலிருந்து நீக்கும் மசோதாக்கள் வந்தன. கல்யாணம் ஆனால் டீச்சர் வேலை போய்விடும் என்பது பல பள்ளி வாரியங்களில் எழுதியே வைத்திருந்த விதி. இதையெல்லாம் எதிர்த்துத் தீர்மானம் போட்டு, சட்டசபை உறுப்பினருக்குக் கடிதம் எழுதி, அவர் ஊருக்கு வரும்போது நேரில் போய்க் கேட்டவர்கள் இந்தக் கிளப் பெண்கள். 213ஆம் பிரிவு 1937இல் ரத்தானது. இவர்கள் மட்டுமே சாதித்தார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் வேலை போகும் பயத்தில் இருந்த ஒரு தட்டச்சர் தன் பெயரைப் போட்டுக் கையெழுத்திட ஓர் இடம் இருந்தது, அந்த இடம் கிளப். இதை விருந்து என்று சுருக்குவது சரியா?

ஆலைமகள்:

சுடர்க்கொடி அக்கா, நீங்கள் எழுதியதில் ஒன்றைக்கூட மறுக்கமாட்டேன். ஆனால் எழுதாமல் விட்டதுதான் எனக்கு முக்கியம். ‘பெண்கள்’ என்று மொத்தமாகச் சொல்கிறீர்களே, எந்தப் பெண்கள்?

1935இல் நியூயார்க்கில் எம்மா ஒடெஸ்ஸா யங் என்பவர் கறுப்பினத் தொழில்முனைவோர், தொழில்புரியும் பெண்களுக்கென்று தனியாக ஒரு தேசியக் கிளப் சங்கத்தைத் தொடங்கினார். ஏற்கெனவே 16 வருஷமாக நாடு முழுக்கக் கிளப்புகள் இருக்கும்போது ஏன் தனிச் சங்கம்? கறுப்பின டீச்சர், நர்ஸ், அழகு நிலையம் நடத்துகிறவர், காப்பீட்டு முகவர் எல்லாரும் இருந்தார்கள், ஊர் கிளப்பில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. அவர்களும் மாலையில் கூடினார்கள், உதவித்தொகை கொடுத்தார்கள், பேசப் பழகினார்கள். ஊர் வரலாற்றில் அவர்களுக்கு நீங்கள் சொன்ன அந்த ஒரு வரி கூடக் கிடைப்பதில்லை.

அடுத்தது சம உரிமைத் திருத்தம், அதாவது சட்டத்தில் ஆண் பெண் பேதம் கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவைக்கக் கேட்ட திருத்தம். பி.பி.டபிள்யூ. 1937இல் அதை ஆதரித்தது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அப்போது ஆலைப் பெண்களும் தொழிற்சங்கங்களும் அதை எதிர்த்தார்கள். ஏன் என்று பாருங்கள். 1908இல் சலவைக்கூட வழக்கில், ஓரிகன் மாநிலத்துக்குப் பெண்களின் வேலை நேரத்தைப் பத்து மணி நேரமாகக் கட்டுப்படுத்த அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு பல மாநிலங்களில் அப்படிப்பட்ட சட்டங்கள் இருந்தன. திருத்தம் வந்தால் அவை எல்லாம் போய்விடும் என்று பயந்தார்கள். தொழிலாளர் துறையின் பெண்கள் பிரிவுக்குத் தலைவியாக இருந்த மேரி ஆண்டர்சன், காலணித் தொழிற்சாலையில் வேலை செய்து மேலே வந்தவர், அவரே எதிர்த்தார். மேசையில் உட்கார்ந்து வேலை செய்கிற பெண்ணுக்குச் சமத்துவம் வேண்டும் என்பதற்காக, நின்றுகொண்டே வேலை செய்கிற பெண்ணின் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க இந்தக் கிளப் பெண்கள் தயாராக இருந்தார்கள். இவர்களை வசதியானவர்களின் வட்டம் என்று நான் சொல்வது இதனால்தான்.

பழையதாள்:

ஆலைமகள், இனம் பற்றி நீங்கள் சொன்னதற்கு எதிராகப் பேச என்னிடம் எதுவும் இல்லை, அது உண்மை. ஆனால் பாதுகாப்புச் சட்டங்கள் பற்றிய பாதிக் கதையை மட்டும் சொல்லிவிட்டீர்கள்.

நியூயார்க்கில் 1919இல் பெண்களின் வேலை நேரத்தையும் இரவு வேலையையும் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தபோது டிராம் வண்டிகளில் நடத்துநராக இருந்த பெண்கள் வேலையை இழந்தார்கள். அவர்கள் ஒன்றும் மேசையில் உட்கார்ந்தவர்கள் அல்ல, நின்றபடியே வேலை செய்த அதே உழைக்கும் பெண்கள்தான். மிச்சிகனில் பெண் மதுக்கடையில் மது கலந்து ஊற்றித் தரும் பார்டெண்டர் வேலை பார்க்கக்கூடாது, கடை உரிமையாளரான ஆணின் மனைவியோ மகளோ என்றால் மட்டும் பரவாயில்லை என்று ஒரு சட்டம் இருந்தது. 1948இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. அங்கே யாரைப் பாதுகாத்தார்கள்? பாதுகாப்பு என்ற பெயரில் நல்ல சம்பளமுள்ள வேலையிலிருந்து பெண்களை வெளியேற்ற முடிந்தது, அதில் ஆண்களின் தொழிற்சங்கங்களுக்கும் லாபம் இருந்தது.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. 1963இன் சம ஊதியச் சட்டத்துக்காக பி.பி.டபிள்யூ. பல வருஷம் வேலை செய்தது. அந்தச் சட்டம் 1938இன் நியாயமான உழைப்புத் தரச் சட்டத்தோடு ஒரு திருத்தமாகச் சேர்க்கப்பட்டது, அதனால் அந்தப் பழைய சட்டத்தின் விலக்குகளும் கூடவே வந்தன. மேலாளர், நிர்வாகி, தொழில்முறை வல்லுநர் ஆகியோருக்கு அது பொருந்தாது. 1972இன் கல்வித் திருத்தங்கள் வரும்வரை இப்படித்தான் இருந்தது. அதாவது கிளப்பில் இருந்த வழக்கறிஞருக்கும் ஆசிரியைக்கும் ஒன்பது வருஷம் அந்தச் சட்டத்தால் பலனே இல்லை, முதலில் பலன் கிடைத்தது ஆலைப் பெண்ணுக்கும் கடைப் பெண்ணுக்கும். தங்களுக்கே உதவாத சட்டத்துக்காக உழைத்தவர்களை வசதியானவர்களின் வட்டம் என்று ஒதுக்கிவிட முடியுமா?

ஆலைமகள்:

//முதலில் பலன் கிடைத்தது ஆலைப் பெண்ணுக்கும் கடைப் பெண்ணுக்கும்//

நல்ல வாதம், ஆனால் அதே 1938 சட்டத்தை இன்னும் கொஞ்சம் படியுங்கள். வீட்டு வேலை செய்கிறவர்களையும் விவசாயக் கூலிகளையும் அது வெளியே வைத்தது. அந்தக் காலத்தில் சம்பாதித்த கறுப்பினப் பெண்களில் மிகப் பெரும்பாலானவர்கள் இருந்தது இந்த இரண்டு வேலைகளிலும்தான். வீட்டு வேலைக்கு அந்தச் சட்டம் விரிந்தது 1974இல். அப்படியானால் 1963இல் யாருக்குச் சம ஊதியம் வந்தது? கிளப் கூட்டத்துக்குப் போன பெண்ணின் குழந்தையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தவளுக்கு வரவில்லை. அவள் சமைத்து வைத்துவிட்டுப் போனதால்தான் பலருக்கு அந்த மாலை நேரமே கிடைத்தது, இதை மினிட்ஸ் புத்தகத்தில் யாரும் எழுதமாட்டார்கள்.

டிராம் பெண்கள் விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு வழி, பாதுகாப்பை ஆண்களுக்கும் சேர்த்து விரிப்பது. 1938 சட்டம் வேலை நேரத்தில் அதைத்தான் செய்யத் தொடங்கியது. அதைச் சாதித்ததில் தொழிற்சங்கங்களின் பங்கு பெரியது.

ரவி_கோ:

எல்லாரும் 1930களிலேயே நிற்கிறீர்கள். நான் நேராகவே கேட்கிறேன், பெண்களுக்கு மட்டும் என்று ஒரு தொழில் கிளப் எதற்கு? ரோட்டரியில் பெண்கள் சேரலாம் என்று 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழி திறந்துவிட்டது. ஒரே மேசையில் எல்லாரும் உட்காரலாம். 2009இல் பி.பி.டபிள்யூ. தேசிய அமைப்பே தன் அறக்கட்டளையோடு இணைந்து பழைய வடிவத்தை விட்டுவிட்டது. வேலை முடிந்தது, கலைந்தார்கள். இதில் சோகப்பட எதுவும் இல்லை, நோக்கம் நிறைவேறினால் சங்கம் முடிவதுதான் நல்லது.

சுடர்க்கொடி:

ரவி, அந்த 1987 எப்படி வந்தது என்றும் சொல்லுங்கள். கலிபோர்னியாவில் டுவார்ட்டே என்ற சின்ன ஊரின் ரோட்டரி கிளப் 1977இல் மூன்று பெண்களைச் சேர்த்தது. உடனே தலைமை அமைப்பு அந்தக் கிளப்பின் அங்கீகாரத்தையே பறித்தது. ஊர்க்காரர்கள் விடாமல் வழக்கு நடத்தி உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். அதற்குப் பிறகும் ரோட்டரி தன் விதிகளை மாற்றியது 1989இல். ரோட்டரி 1905இல் தொடங்கியது, அப்போதிலிருந்து எண்பது வருஷத்துக்கு மேல் அந்த மேசையில் பெண்ணுக்கு இடமில்லை.

அது வெறும் சாப்பாட்டு மேசை இல்லை. வங்கி மேலாளர், கட்டட ஒப்பந்தக்காரர், பத்திரிகை உரிமையாளர், மேயர் எல்லாரும் வாரம் ஒருமுறை அங்கே உட்கார்ந்தார்கள். கடன், ஒப்பந்தம், நியமனம் எல்லாம் அங்கேதான் பாதி முடிவாகும். அதில் பெண் இல்லை என்றால் அவள் கடைக்குக் கடனும் இல்லை. அதனால்தான் பெண்கள் தங்களுக்கென்று அமைத்துக்கொண்டார்கள்: 1917இல் நாஷ்வில்லில் அல்ட்ரூசா, 1919இல் பஃபலோவில் ஜோன்டா, 1921இல் ஓக்லண்டில் சொராப்டிமிஸ்ட். ஒரு தொழிலுக்கு ஓர் உறுப்பினர் என்று ரோட்டரி வைத்திருந்த முறையைச் சொராப்டிமிஸ்ட் அப்படியே எடுத்துக்கொண்டது. என் கணிப்பில் அந்த விதி பெரிய கெடுதல், ஊரில் இரண்டாவது பெண் மருத்துவர் வந்தால் அவள் வெளியே நிற்கவேண்டும். பி.பி.டபிள்யூ. அப்படிச் செய்யவில்லை, ஊரில் சம்பாதிக்கிற நர்ஸ்கள் எத்தனை பேர் வந்தாலும் சேர்த்துக்கொள்ளலாம். தட்டச்சரும் கணக்கெழுதுகிறவரும் வழக்கறிஞரும் ஒரே கூட்டத்தில் கையைத் தூக்கி ஓட்டுப் போட்டார்கள் என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கூட்டம் நடத்துவது, தீர்மானத்தை முன்மொழிவது, வரவு செலவைப் படித்துக் காட்டுவது, எதிர்த்துப் பேசுகிறவரைக் கோபப்படாமல் கேட்பது, இவையெல்லாம் வீட்டிலும் அலுவலகத்திலும் அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அந்தப் பழக்கம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். மார்கரீட் ராவல்ட் 1950களில் பி.பி.டபிள்யூ.வின் தேசியத் தலைவர். 1961இல் கென்னடி அமைத்த பெண்கள் நிலை ஆணையத்தில் சம உரிமைத் திருத்தத்துக்காக உறுதியாக நின்றவர் அவர்தான். 1966இல் நௌ என்ற புதிய பெண்கள் அமைப்பு உருவானபோது சட்ட வேலைகளில் தோள் கொடுத்ததும் அவர்தான். பழைய கிளப்பும் புதிய இயக்கமும் வேறுவேறு என்று எழுதுகிறவர்கள் இந்த ஒருவரைப் பற்றியாவது படிக்கவேண்டும்.

பழையதாள்:

ரவி, உங்கள் ‘வேலை முடிந்தது’ என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கடன் கேட்கிற பெண்ணைப் பாலினத்தைக் காட்டியோ மணநிலையைக் காட்டியோ மறுக்கக்கூடாது என்று சட்டம் வந்தது 1974இல். அப்படியும் தொழிற்கடனுக்குக் கணவனோ தகப்பனோ கூடக் கையெழுத்திடவேண்டும் என்று சில மாநிலங்களில் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அதை முடிவுக்குக் கொண்டுவந்தது 1988இன் சட்டம். ரோட்டரிக் கதவு திறந்ததற்கு அடுத்த வருஷம் அது. ஆக அதுவரைக்கும் நீங்கள் சொல்கிற ‘ஒரே மேசை’ எங்கே இருந்தது? சம உரிமைத் திருத்தம் 1972இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் நிறைவேறி, 38 மாநிலங்களின் ஒப்புதல் தேவைப்பட்ட இடத்தில் 1982 கெடு முடியும்போது 35 மாநிலங்களோடு நின்றுபோனது. வேலை முடிந்ததால் கலைந்தார்கள் என்று என்னால் நம்பமுடியவில்லை. கலைந்ததற்குக் காரணம் வேறு, இளம் பெண்கள் மாலை நேரக் கூட்டத்துக்கு வருவது நின்றது, சந்தா குறைந்தது, தலைமை அலுவலகச் செலவு மட்டும் குறையவில்லை. வெற்றியால் அல்ல.

ரவி_கோ:

அதைத்தான் நானும் சொல்கிறேன் சார், இளம் பெண்கள் வரவில்லை என்றால் அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. வேறு வழிகளில் ஆள் பழக்கம் கிடைக்கிறது. தேவைப்படாத ஒன்றை மரியாதைக்காக நடத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

சுடர்க்கொடி:

நடத்தச் சொல்லி யாரையும் நான் கேட்கவில்லை. அவர்கள் செய்ததை எழுதிவைக்கவேண்டும் என்கிறேன். தேசிய அமைப்பு மறைந்ததும் ஊர்க் கிளப்புகளின் பெட்டிகள் கடைசிச் செயலாளரின் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. அவர் காலமானால் பிள்ளைகள் குப்பையில் போட்டுவிடுவார்கள். அந்த மினிட்ஸ், சந்தா ரசீது, தந்தி நகல் எல்லாவற்றையும் மாவட்ட நூலகத்தில் சேர்க்கவேண்டும்.

ஆலைமகள்:

சேருங்கள், நானும் உதவுகிறேன். ஆனால் சேர்த்த பிறகு என்ன எழுதப்போகிறீர்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை. ஒவ்வொரு வருஷத்து உறுப்பினர் பட்டியலையும் அந்த வருஷத்து ஊர் விலாசப் புத்தகத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊரில் வேலை செய்த கறுப்பின நர்ஸ் யார், டீச்சர் யார், அவர்கள் பெயர் பட்டியலில் எந்த வருஷம் முதலில் வருகிறது? வரவே இல்லை என்றால் அதையும் அச்சிடுங்கள். கறுப்பினப் பெண்களின் தனிச் சங்கம் அந்த ஊரில் இருந்திருந்தால் அவர்களின் பெட்டி எந்தத் தேவாலயத்தில், யார் வீட்டில் இருக்கிறது என்று தேடுங்கள், இரண்டையும் ஒரே புத்தகத்தில் போடுங்கள்.

சுடர்க்கொடி:

அச்சிடுவேன். சேர வந்தவர்களை மறுத்த தீர்மானம் மினிட்ஸில் இருந்தால் அதையும் ஒரு எழுத்து விடாமல் போடுவேன். ஆனால் புத்தகம் 1932இல், வேலை பறிபோக இருந்த பெண்கள் எழுதிய கடிதங்களோடுதான் தொடங்கும்.

ஆலைமகள்:

என் புத்தகம் 1935இல் தொடங்கும் அக்கா.